தாய் வளவு இல்லாத ஊரில்: வீட்டு வன்முறை பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரக் கிராமங்களிலும் பதினெட்டு ஆண்டுகளாகப் பெண்களின் உரையாடல் வட்டங்களை நடத்திவருகிறேன். வெளிநாடுகளில் குடியேறிய நம் ஊர்ப் பெண்கள் தாங்களே இத்தகைய வட்டங்களைத் தொடங்குவது பற்றிக் கேட்கலாம் என்று அழைத்திருந்தேன். ஊரிலிருந்தும் கேள்விகள் வந்தன.

கேள்வி (கனடாவின் ஸ்காபரோ, பிறந்த ஊர் களுவாஞ்சிக்குடி): அக்கா, வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சந்திக்கும் எட்டுப் பெண்கள் இருக்கிறோம். எங்களில் ஒருத்தி அடி வாங்குகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை. எப்படித் தொடங்குவது?

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு சீதனமாகப் பெண்ணுக்கு எழுதப்படுகிறது. அந்தத் தாய் வளவில், வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவும் இந்தப் பக்கம் சின்னம்மாவும் இருக்கிறார்கள். அதனால் இங்கே அடி விழுவதில்லை என்று சொல்லமாட்டேன். இலங்கையில் 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, திருமணமான அல்லது துணையுடன் வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் துணைவரின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார். ஆனால் இங்கே சத்தம் கேட்டால் கடப்பைத் தாண்டி வந்து நிற்க ஓர் ஆள் உண்டு. ஸ்காபரோவின் அடுக்குமாடியில் அந்த ஆள் இல்லை. வாடகை ஒப்பந்தமும் வங்கி அட்டையும் குடிவரவுக் கடிதங்களும் பெரும்பாலும் கணவனின் கையில் இருக்கின்றன. அந்த ஆளின் இடத்தில்தான் நீங்கள் எட்டுப் பேரும் அமரப்போகிறீர்கள்.

அடி வாங்குபவளிலிருந்து தொடங்காதீர்கள். அவள் மறுநாள் முதல் கோயிலுக்கு வரமாட்டாள். உகண்டாவின் கம்பாலாவில் 2008 முதல் 2012 வரை ‘சாசா’ என்ற பெயரில் அயலவர்களே நடத்திய உரையாடல்கள், வன்முறை என்ற சொல்லை முன்னே வைக்காமல், அதிகாரம் என்றால் என்ன, அது வீட்டில் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை முன்னே வைத்தன. உரையாடல் நடந்த பகுதிகளில் பெண்கள் மீதான துணைவரின் உடல்ரீதியான வன்முறை, நடக்காத பகுதிகளை விட ஏறக்குறைய பாதியாக இருந்தது என்று ஆய்வு பதிவுசெய்தது. நீங்களும் அப்படியே கேளுங்கள்: உழைக்கும் சம்பளம் யாருடைய கணக்கில் விழுகிறது? அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்க யாரிடம் கேட்க வேண்டும்? கடவுச்சீட்டு எந்த அலுமாரியில் இருக்கிறது, திறப்பு யாரிடம்? மூன்றாவது சந்திப்பில் யாரோ ஒருத்தி தானாகவே பேசுவாள்.

வட்டத்தை நடத்துபவள் உங்களைப் போலவே பஸ்ஸில் வேலைக்குப் போய்வருபவளாக இருக்கட்டும். படித்தவரை அழைத்தால் எல்லோரும் மாணவிகளாகிவிடுவார்கள். இருவராக நடத்துங்கள். முதல் சந்திப்புக்கு முன்னரே, பெண்களுக்கான பாதுகாப்பு இல்லம் ஒன்றின் இலக்கத்தையும் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரின் இலக்கத்தையும் கையில் வைத்திருங்கள். கணவனையும் மனைவியையும் ஒரே வட்டத்தில் அமர்த்தி ‘பேசித் தீர்க்க’ ஒருபோதும் முயலாதீர்கள்.

கேள்வி (லண்டன்): ‘பொலிசுக்குப் போனால் உன் விசாவை வெட்டி ஊருக்கு அனுப்புவேன்’ என்று கணவர் சொல்கிறார். அப்படி முடியுமா?

பதில்: அவர் சொல்வதால் மட்டும் அது நடந்துவிடாது. பிரித்தானியக் குடிமகனின் மனைவி என்ற விசாவில் இருப்பவர், வன்முறையால் அந்த உறவு முறிந்தால், தன் பெயரிலேயே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். கனடாவிலும் ஸ்பொன்சரில் வந்த சில துணைவர்கள் ஈராண்டு சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2017இல் நீக்கப்பட்டது. விண்ணப்பத்தைச் சட்டத்தரணியிடமே கொடுங்கள், வட்டத்திடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (காத்தான்குடி): எங்களுக்கு, முஸ்லிம்களின் திருமண, விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றம் மட்டும்தானா?

பதில்: இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமூகத்தவர்க்கும் பொதுவானது. நீதவான் நீதிமன்றத்தில் நீங்களோ உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை நீடிக்கும். விவாகரத்தும் தாபரிப்பும் வேறு வழக்கு.

கேள்வி (ஆரையம்பதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): மகள், எங்கள் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் இரு தரப்பையும் இருத்தி விசாரித்து, புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம். குடும்பங்கள் உடையவில்லை. இந்த வட்டங்கள் எதற்கு?

பதில்: ஐயா, குடும்பங்கள் உடையவில்லை என்பது உண்மை. அந்தப் பெண்கள் அன்றிரவு என்ன பட்டார்கள் என்று எத்தனை பேர் மறுநாள் போய்க் கேட்டார்கள்? கணவன் முன்னிலையில் அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே பாதியைத்தான் சொல்வாள், அந்தப் பாதிக்குத்தான் நீங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள்.

கேள்வி (கல்முனை): அக்கா, ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குடியை நிறுத்தினால் பிரச்சினை முடிந்துவிடாதா?

பதில்: தம்பி, குடி அடியைப் பாரமாக்குகிறது. ஆனால் குடித்தவன் மேலதிகாரியையும் பொலிஸ்காரரையும் அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து மனைவியைத்தான் அடிக்கிறான். யாரை அடிக்கலாம் என்பது வெறியிலும் அவனுக்குத் தெரிகிறது. சொட்டும் குடிக்காமல் அடிப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

மீண்டும் ஆரையம்பதி: அப்படியானால் எங்களைப் போன்றோருக்கு இதில் இடமே இல்லையா?

பதில்: இருக்கிறது ஐயா, நீங்கள் இதைக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. ஆண்களின் வட்டத்தை ஆண்கள்தான் நடத்த வேண்டும். அதை நான் நடத்த முடியாது. உங்களிடம் படித்த இளைஞர்கள் இன்று தகப்பன்மார். மனைவியை அடிப்பது கேவலம் என்று அவர்களுக்கு நீங்கள் வெளிப்படையாகச் சொன்னால், என் பத்துக் கூட்டங்களை விட அது ஆழமாக இறங்கும். அடி வாங்கும் பெண்ணிடம் ‘பொறுத்துப் போ பிள்ளை’ என்று சொல்லாதீர்கள்.

கேள்வி (டொரொன்டோ): கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக அழைத்துப் பேசலாமா?

பதில்: கூடாது. மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (சுவிஸ்): இருவரும் சம்மதித்தால்?

பதில்: அவளுடைய சம்மதம் பயத்தில் வந்ததா என்று உங்களால் அறிய முடியாது. கூடாது.

கேள்வி (அக்கரைப்பற்று): பக்கத்து வீட்டில் இப்போதே அடி நடக்கிறது. வட்டத்தில் பேசலாமா?

பதில்: இப்போதே 119க்கு அழையுங்கள். பிறகு மகளிர் உதவி இலக்கமான 1938. காயம் இருந்தால் அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு அங்கே உதவும் ‘நட்பு நிலையம்’ எங்கே என்று கேளுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ, மீண்டும்): புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பிள்ளை எங்கள் கட்டடத்தில் இருக்கிறாள். கோயிலுக்கும் விடுவதில்லை.

பதில்: அவள் உடுப்புத் துவைக்கக் கீழே வரும் நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் நீங்களும் ஒரு கூடை உடுப்போடு போங்கள். முதல் நாள் எந்த ஊர் என்று மட்டும் கேளுங்கள்.