அட்டையில் ஒரு வரி

அன்புள்ள ஐயா,

ஒரு சிறிய புத்தகக்கடையில் எட்டு மாதங்களாக வேலை பார்க்கிறேன். கிளைகள் இல்லாத, முதலாளியே கல்லாவில் உட்காரும் கடை. ‘ஊழியர் பரிந்துரை’ என்று ஓர் அலமாரி உண்டு; மாதம் இரண்டு புத்தகங்களுக்கு, அவற்றின் கீழே வைக்கும் சிறு பரிந்துரை அட்டையை நான் எழுத வேண்டும். சென்ற மாதம் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நாவலுக்கு எழுதியபோது, ‘முதல் 60 பக்கம் மெதுவாகத்தான் போகும்’ என்று ஒரு வரி சேர்த்தேன். மூத்த ஊழியர் அதை அடிக்கச் சொல்கிறார். ‘வாங்க வந்தவரை நாமே ஏன் விரட்ட வேண்டும்’ என்பது அவர் கேள்வி. அவருடைய அட்டைகளில் பாதி பின்னட்டைக் குறிப்பைப் பார்த்து எழுதியவை. வருகிறவர்களில் பெரும்பாலோர் எங்கும் கிடைக்கிற அதே பத்துப் புத்தகங்களைத்தான் கேட்கிறார்கள். எடுத்துக் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. நாங்கள் எழுதும் பரிந்துரைகளால் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த வரியை அடிக்காதீர்கள். புத்தகத்தைப் படித்து முடித்தவரால் மட்டுமே அதை எழுத முடியும். ‘விறுவிறுப்பானது’, ‘நெஞ்சைத் தொடும்’ என்பதையெல்லாம் பின்னட்டையே சொல்லிவிடும். 60 என்ற எண் அங்கே கிடைக்காது. உங்கள் அட்டையை நம்பி வாங்கிப் போனவருக்கு நாற்பதாம் பக்கத்தில் சோர்வு தட்டும். அந்த இடத்தில் அவர் புத்தகத்தை மூடிவைக்காமல் இருப்பது இந்த ஒரு வரியால்தான். அடுத்த முறை கடைக்கு வரும்போது உங்கள் அட்டை எது என்று தேடுவார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அகராதி ஒன்று வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். கையில் எடுத்த வேறொரு நாவலின் கீழே நீல மையில் எழுதிய சிறு அட்டை. ஒரு சொல்லை அடித்து, மேலே வேறு சொல் எழுதியிருந்தது. கடைசி வரி இது: ‘அண்மையில் தந்தையை இழந்தவர்கள் இப்போது இதைப் படிக்க வேண்டாம். ஒரு வருடம் போகட்டும்.’ என் தந்தை இறந்து அப்போது நான்கு மாதம். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்று அந்தக் கடை ஒரு விற்பனையை இழந்தது. மறுவருடம் அந்த நாவலை அதே கடையில்தான் வாங்கினேன், அதற்குப் பின் வாங்கியவற்றுக்குக் கணக்கில்லை. அட்டையை எழுதிய பெண் பின்னறையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். நன்றி சொன்னேன். அவருக்கு அந்த வரி ஏன் தோன்றியது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அதிகம் விற்கும் புத்தகங்களுக்கு வருகிறேன். அந்தப் பட்டியல்கள் புதியவையல்ல. ‘தி புக்மேன்’ என்ற அமெரிக்க இதழ் 1895இலேயே வெளியிடத் தொடங்கிவிட்டது. வாரப் பட்டியல் குறுகிய காலத்தில் எது வேகமாகப் போனது என்பதைக் காட்டும். இருபது வருடமாக மாதம் நான்கு பிரதி விற்றுக்கொண்டே இருக்கும் புத்தகம் அதில் ஒருநாளும் ஏறாது. அந்த நான்கு பிரதியை விற்பது உங்களைப் போன்ற கடைகள்.

ஆனால் அந்தப் பத்துப் புத்தகங்களை அலுப்போடு எடுத்துக் கொடுக்காதீர்கள். கடையின் வாடகையும் உங்கள் சம்பளமும் பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் வருகின்றன. மெதுவாக விற்கும் நூல்களுக்கு அலமாரியில் இடம் கிடைப்பதும் அவற்றால்தான். தவிர, கேட்டு வந்தவர் பள்ளியை விட்ட பிறகு வாங்கும் முதல் புத்தகமாகக்கூட அது இருக்கலாம். அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். திரும்பி வந்தால் ‘அதில் எது பிடித்திருந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். கதையா, அதில் வரும் ஊரா, ஒரு பாட்டியின் பேச்சா என்று அவர் சொல்லும் பதிலில் அடுத்த புத்தகம் இருக்கும். வாயால் சொல்லும் இந்தப் பரிந்துரை அட்டையைவிட வலியது.

பரிந்துரையால் ஏதாவது நடக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஜப்பானில் புத்தகக்கடை ஊழியர்களே வாக்களித்து ஒரு நாவலைத் தேர்ந்தெடுக்கும் விருது 2004இல் தொடங்கியது. நடுவர் குழுவில் எழுத்தாளர்களோ விமர்சகர்களோ கிடையாது. ‘நாங்கள் விற்க ஆசைப்படும் புத்தகம்’ என்பதே அளவுகோல். முதல் விருது, நினைவு 80 நிமிடத்துக்கு மேல் தங்காத ஒரு கணிதப் பேராசிரியரைப் பற்றி யோகோ ஒகாவா எழுதிய நாவலுக்குப் போயிற்று. அடிதடி இல்லை, மர்மம் இல்லை. எண்களும் மூன்று மனிதர்களும்தான். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

பிரிட்டனில் வாட்டர்ஸ்டோன்ஸ் என்ற பெரிய புத்தகக்கடை நிறுவனம் 2011இல் தள்ளாடிக்கொண்டிருந்தபோது ஜேம்ஸ் டான்ட் பொறுப்பேற்றார். அதற்கு முன் சொந்தமாகச் சில கடைகளை மட்டும் நடத்தியவர். பதிப்பகங்கள் பணம் கட்டி முகப்பு மேசையில் இடம் பிடிப்பதை அவர் நிறுத்தினார். எதை முன்னால் வைப்பது என்பதை அந்தந்தக் கடையின் ஊழியர்களிடம் விட்டார். விற்காமல் பதிப்பகத்துக்குத் திரும்பிப் போகும் பிரதிகள் வெகுவாகக் குறைந்தன. ஒரு பெரிய நிறுவனம் பிழைத்ததில் சிறிய கடையின் வழக்கத்துக்கும் பங்குண்டு.

உங்கள் மூத்த ஊழியரோடு சண்டை வேண்டாம். நாள் முழுதும் புத்தகங்களுக்கு நடுவே நிற்பவர்களுக்குத்தான் படிக்க நேரம் கிடைப்பதில்லை. அவரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: படிக்காத நூலுக்கு ‘நான் இன்னும் படிக்கவில்லை, வாங்கிப் போன மூன்று பேர் திரும்பி வந்து பாராட்டினார்கள்’ என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால். அதுவும் நேர்மையான அட்டைதான், நன்றாகவே விற்கும். பின்னட்டையைப் பார்த்து எழுதுவது மட்டும் கூடாது. வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திருப்பினால் அதே வாக்கியம் அங்கே இருக்கும். அதன்பிறகு அந்த அலமாரி முழுவதையும் அவர் நம்பமாட்டார், உங்களுடையது உட்பட. ஒவ்வோர் அட்டையிலும் எழுதியவர் பெயர் இருக்கட்டும் என்று முதலாளியிடம் கேளுங்கள்.

60 பக்கம் மெதுவாகப் போகும் அந்த நாவலின் பெயரைக் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். தெரிவியுங்கள், இந்த வாரமே வாங்க வேண்டும்.