பிடித்த வேலை என்று ஒன்று உண்டா?

“வேலைக்குப் போகிறவர்கள் யாராவது அந்த வேலையை உண்மையிலேயே ரசித்துச் செய்கிறார்களா? நீயும் அப்பாவும் தினமும் அலுத்துக்கொண்டுதானே வீட்டுக்கு வருகிறீர்கள்?” பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் உங்கள் மகன் இப்படிக் கேட்டதாகவும், அவனுக்கு வேலை செய்வதிலேயே ஆர்வமில்லையோ என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள், அம்மா. பயப்பட இதில் ஒன்றுமில்லை. எந்தப் படிப்புக்குச் சம்பளம் அதிகம் என்பதோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகளைத்தான் படிப்பு, வேலை ஆலோசகராக நான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் மகன் அதைத் தாண்டி யோசிக்கிறான். ஆனால் அவன் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. எப்போது கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதற்கேற்பப் பதில் மாறும்.

பிரிட்டனில் ஒரு கைப்பேசிச் செயலி வழியாக, நாளின் ஏதோ ஒரு நேரத்தில் மணியடித்து, “இப்போது என்ன செய்கிறீர்கள், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?” என்று பல்லாயிரம் பேரிடம் கேட்டார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில், 40 வகைச் செயல்களில் சம்பள வேலைக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தைய இடம். நோயில் படுத்துக்கிடப்பது மட்டும்தான் அதற்கும் கீழே. இதைக் காட்டினால் உங்கள் மகன் “நான் அப்பவே சொன்னேனே” என்பான். அவனிடம் இன்னொன்றையும் காட்டுங்கள். 1989இல் சிக்சென்ட்மிஹாயி, லெஃபெவ்ர் என்ற இரு ஆய்வாளர்கள் வேலைக்குப் போகிறவர்களிடம் பேஜரைக் கொடுத்து இதே போல அவ்வப்போது கேட்டார்கள். சவாலான காரியத்தில் தன் திறமையை முழுதாகச் செலுத்தி மூழ்கியிருந்த தருணங்கள், ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தன. வேடிக்கை என்னவென்றால், அதே ஆட்கள் வேலை நேரத்தில்தான் “வேறு ஏதாவது செய்துகொண்டிருக்கலாமே” என்று அதிகம் நினைத்திருக்கிறார்கள்.

இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. கவனம் குவிந்திருக்கும்போது யாரும் சிரித்துக்கொண்டிருப்பதில்லை. கணக்குத் துறையில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் டேலி ஆகவில்லை, 27 இடிக்கிறது. ஒன்பதால் வகுபடுகிறதே என்று அவருக்குப் பொறி தட்டுகிறது. இரண்டு இலக்கங்கள் இடம்மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும்; அப்படியென்றால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம்மாறி விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கம் பக்கமாகத் தேடி, 74 என்று இருக்க வேண்டிய இடத்தில் 47 என்று இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். அந்த நிமிடத்தை அவர் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து அதைச் சொல்வாரா? சொன்னாலும் யாருக்குப் புரியும்? “இன்னிக்கும் லேட்டாயிடுச்சு” என்பது மட்டும்தான் பிள்ளையின் காதில் விழும். வேலையைப் பற்றிப் பிள்ளைகள் தெரிந்துகொள்வதெல்லாம் பெற்றோரின் களைப்பிலிருந்துதான். ஆகவே உங்கள் வேலையில் நன்றாகப் போன ஒரு மணி நேரத்தையும், எரிச்சலூட்டிய ஒரு மணி நேரத்தையும் விவரமாக அவனிடம் சொல்லுங்கள். பூசி மெழுக வேண்டாம். “வேலைன்னா அப்படித்தான்” என்று முடித்துவிடவும் வேண்டாம்.

அடுத்து, ரசனை என்பது வேலையின் பெயரில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. 1997இல் ஏமி ரெஸ்னெவ்ஸ்கி குழுவினர் அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிலருக்கு வேலை வெறும் வருமானம், சிலருக்கு மேலே ஏறும் படி, சிலருக்கு அதுவே தன் வாழ்க்கைப் பணி. அதில் நிர்வாக உதவியாளர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும், சிறிய குழுதான் என்றாலும், மூன்று வகையினரும் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள். அவர்களுக்குப் பதவியும் ஒன்று, வேலையும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி ஆளின் மனப்போக்கு. இன்னொரு பகுதி வேலை அமைந்திருக்கும் விதம். ஹேக்மன், ஓல்டம் இருவரும் 1976இல் இதற்கு ஐந்து அம்சங்களைச் சொன்னார்கள்: பலவகைத் திறமைகளுக்கு இடம், ஒரு காரியத்தை முதலிலிருந்து கடைசிவரை தானே செய்யும் வாய்ப்பு, அது மற்றவர்களுக்குப் பயன்படுகிறது என்ற நிறைவு, சுயமாக முடிவெடுக்கும் உரிமை, சரியாகச் செய்தோமா என்பது உடனுக்குடன் தெரிவது. என் அனுபவத்தில், வேலை பிடிக்கவில்லை என்று வந்து உட்காருகிறவர்களில் பலருக்கு நான்காவதுதான் குறை. துறை மேல் வெறுப்பு இருக்காது. தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருக்கும் மேலதிகாரி மேல்தான் இருக்கும். துறையை மாற்ற வேண்டும் என்று வருகிறவரை, இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பியதுண்டு.

உங்கள் மகனுக்கு ஓவியம் பிடிக்கும் என்கிறீர்கள். “பிடிச்சதையே வேலையாக்கிட்டா கஷ்டமே இருக்காது” என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் பாதி உண்மை. 1973இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு “வரைந்தால் பரிசு” என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்து, தங்கள் விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களில் பாதி அளவு நேரம்தான் வரைந்தார்கள். பெரியவர்களுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் வடிவமைப்புத் துறையில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். பிடித்ததை வரைவது வேறு. வாடிக்கையாளர் ஆறாவது முறையாக “லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க” என்று திருப்பி அனுப்பியதை முகம் சுளிக்காமல் திருத்துவது வேறு. அந்தத் திருத்தத்தையும் பொறுமையாகச் செய்கிறவன் என்றால் தாராளமாகப் போகட்டும். இல்லையென்றால், ஓவியம் அவனுக்கே அவனுக்கென்று இருக்கட்டும், அதிலும் குறையொன்றுமில்லை.

ஒவ்வொரு துறைக்கும் வெளியே தெரியாத ஒரு பாகம் உண்டு. மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதோடு, பார்த்ததையெல்லாம் பதிவும் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வாதாடுவதைவிட ஆவணங்களைப் படிப்பதில்தான் அதிக நேரம் போகும். மென்பொருள் எழுதுகிறவர் பெரும்பாலும் வேறொருவர் எழுதிவைத்த நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார். ஆசிரியருக்கு விடைத்தாள் கட்டு. அந்தப் பாகத்தைச் சகித்துக்கொள்ள முடிகிறதா என்பதுதான் “பிடிக்குமா” என்பதைவிட உருப்படியான கேள்வி. எதைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று கவனிக்காதீர்கள். எதில் தப்பு வந்தாலும் திட்டிக்கொண்டே திரும்பவும் உட்காருகிறான் என்று கவனியுங்கள்.

துறையில் இருப்பவர்களைச் சந்திக்கும்போது “உங்க வேலை பிடிச்சிருக்கா?” என்று அவன் கேட்கவே வேண்டாம். கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும். “நேற்று காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?”, “போன வாரத்தில் எது ரொம்ப இழுத்தடித்தது?”, “யாரைக் கேட்காமல் எதையெல்லாம் நீங்களே முடிவு செய்யலாம்?” என்று கேட்கட்டும். உச்சத்தில் இருப்பவரிடம் மட்டும் போகாமல், வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனவரையும் பார்க்கட்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்குத்தான் சலிப்பான வேலைகள் வந்து விழும்; முடிவெடுக்கும் உரிமையும் அவர்களுக்குக் குறைவு. கை பழகப் பழகத்தான் பல வேலைகளில் ருசி தெரியும். அதனால் முதல் ஆறு மாதத்தை வைத்து ஒரு துறையை எடை போட வேண்டாம்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மாதக் கடைசியில் கடன் கேட்க வைக்கிற வேலை, எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் கசந்துபோகும். பிடிக்காத வேலையைச் சம்பளம் பிடித்ததாக மாற்றிவிடாது. இரண்டையும் அவனிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசலாம்.

விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன் இரண்டு துறைகளில் துறைக்கு ஒருவரையாவது அவன் பார்த்துப் பேசிவிடட்டும். முடிந்தால் ஒரு முழு நாள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அப்போது நீங்கள் கூடப் போக வேண்டாம். அதற்குப் பிறகும் மனம் ஒரு முடிவுக்கு வரவில்லை என்றால், ஒரே வேலைக்கு இட்டுச்செல்லும் குறுகலான படிப்பைத் தவிர்த்து, பின்னால் இரண்டு மூன்று பக்கம் பிரிந்து போக வழியுள்ள படிப்பில் சேருங்கள். திரும்ப என்னிடம் வரும்போது, அவன் என்னென்ன கேட்டான், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதிய தாளை அவனே எடுத்துவரட்டும். மதிப்பெண் பட்டியலை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.