இடது கால் மட்டும் வீங்கியிருந்தால் இன்றே காட்டுங்கள்

நண்பரே, சிசேரியன் முடிந்த 12ஆம் நாளில் தங்கையின் இடது கால் மட்டும் தொடை வரை வீங்கியிருக்கிறது, வீட்டில் தைலம் தேய்த்து நீவிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த நீவுதலை நிறுத்துங்கள். நாளை என்று தள்ளாமல் இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பின் வரும் சாதாரண நீர்வீக்கம் பொதுவாக இரண்டு கால்களிலும் இருக்கும். ஒரு காலில் மட்டும் என்றால் ஆழ்சிரையில், அதாவது காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாயில், இரத்தம் உறைந்திருக்கலாம். உறைவு கெண்டைக்காலோடு நின்றிருந்தால் வீக்கமும் வலியும் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். தொடை வரை ஏறியிருப்பதால் இடுப்புச் சிரையே அடைத்திருக்குமோ என்று அஞ்சுகிறேன். இடுப்பில் இடது சிரையின் மேல் வலது காலுக்குப் போகும் தமனி குறுக்கே அழுத்திச் செல்கிறது. கர்ப்பத்தையொட்டிய உறைவு இடது காலிலேயே அதிகம் வருவதற்கு அது ஒரு காரணம்.

பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்களில் இரத்தம் எளிதில் உறையும். அறுவை சிகிச்சையும் படுத்தே இருப்பதும் அதைக் கூட்டும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்திருந்தால் தயவுசெய்து கொடுக்கத் தொடங்குங்கள்.

இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். வழியில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் வந்தால் உறைவு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். தாங்க முடியாத தலைவலியோ வலிப்போ வந்தாலும் அப்படியே, மூளைச் சிரையிலும் உறைவு வரக்கூடும்.

குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியிருக்குமோ என்று தயங்காதீர்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளான ஹெப்பாரின், வார்ஃபரின் இரண்டும் தாய்ப்பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளக்கூடியவை.