பீச் மரம் எவ்வளவு உயரம் வளரும்? வீட்டுத் தோட்டத்தில் வைக்க இடம் போதுமா?

அதன் போக்கில் விட்டால் 15 முதல் 20 அடி வரை போகும், அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் கொடைக்கானல் மலையில் எங்கள் தோட்டத்தில் எந்த மரத்தையும் நான் எட்டு அடிக்கு மேல் விடுவதில்லை. ஆப்பிளில் வேர்ச்செடியை, அதாவது ஒட்டுக்கட்டும்போது வேராக அமையும் அடிச்செடியை, மாற்றியே மரத்தைக் குள்ளமாக்கிவிடலாம். பீச்சில் அந்த வழி அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. கவாத்துக் கத்திரிதான் அளவைத் தீர்மானிக்கிறது.

காரணம், பீச் போன ஆண்டு வளர்ந்த கிளையில்தான் காய்க்கும். காய்த்து முடித்த இடத்தில் மறுபடி பூக்காது. வெட்டாமல் விட்ட மரத்தில் காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறிக்கொண்டே போகும். சில ஆண்டுகளில் உள்ளே வெறும் கட்டை, உச்சியில் கைக்கெட்டாத பழம். அந்தப் பழம் கிளிக்குத்தான்.

குளிர்காலத்தில் இலை கொட்டியதும் ஓராண்டுக் கிளையை உற்றுப் பாருங்கள். சிவப்பேறிய பட்டை, ஒரு கணுவில் பல இடங்களில் மூன்று மொட்டுகள். இருபுறமும் மெல்லிய மயிர் போர்த்திய பருத்த மொட்டுகள் பூவாகும். நடுவில் ஒல்லியாக, கூராக இருப்பது இலைக்கு. இதைப் பார்க்கத் தெரிந்தவர் எதை வெட்டுவது என்று தயங்க மாட்டார். நரைத்துப்போன பழைய கிளைகளைக் கழித்து, இந்தச் சிவப்புக் கிளைகளில் நல்லதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் வெட்டினாலும் மரம் தாங்கும். பார்ப்பவர் பதறுவார்கள், பதற வேண்டாம்.

நட்ட ஒட்டுக்கன்றை இரண்டு, இரண்டரை அடியில் துணிந்து வெட்டுங்கள். பக்கக் கிளைகளில் மூன்று நான்கை மட்டும் கிண்ணம் போல விரியவிட்டு, நடுவே வெயில் இறங்க வழி வையுங்கள். மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பொதுவாக 12, 15 ஆண்டுகள் நல்ல காய்ப்பு உண்டு. மா, பலா போலப் பேரன் காலம் வரை நிற்கும் மரம் அல்ல.

ஆண்டுதோறும் வெட்டுவீர்கள் என்றால் சுற்றிலும் 10, 12 அடி இடம் போதும். தண்ணீர் தேங்கும் மண் மட்டும் கூடவே கூடாது, வேர் அழுகிவிடும்.

நீங்கள் சமவெளியில் இருந்தால் இடத்தைப் பற்றிய கவலையே தேவையில்லை. குளிர் குறைவாகக் கேட்கும் ரகங்களுக்கும் மொட்டு விழிக்கச் சில வாரக் குளிர் வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் அது கிடைக்காது. அங்கே கொய்யா வையுங்கள்.