நாலு குடும்பமா ஸ்மோக்கி மலைக்குப் போறோம், ஆனா பயமா இருக்கு

கேள்வி: வர்ற லாங் வீக்கெண்டுக்கு நாங்க நாலு குடும்பமா, ஸ்மோக்கி மலை நேஷனல் பார்க் பக்கத்துல இருக்கற கேட்லின்பர்க்ல (டென்னசி) கேபின் புக் பண்ணியிருக்கோம். எனக்கு 9 வயசுல பொண்ணு, 5 வயசுல பையன், கும்பகோணத்துலேர்ந்து மாமியாரும் வந்திருக்காங்க. புக் பண்ண அன்னிக்கு ராத்திரியே யூடியூப்ல ஒரு வீடியோ வந்துச்சு, அமெரிக்க நேஷனல் பார்க்ல மர்மமா காணாம போனவங்கன்னு. அதே ஸ்மோக்கி மலைலதான் ஒரு சின்னப் பையன் அப்பா பக்கத்துல இருக்கும்போதே காணாம போனானாம், நாய் கூட மோப்பம் பிடிக்கலயாம், வேற சில பேரோட துணி மட்டும் கழட்டிப் போட்ட மாதிரி கிடைச்சிருக்காம். அதுலேர்ந்து தூக்கமே இல்ல. மாமியார் காட்டுல ஏதோ இருக்குங்கறாங்க. வீட்டுக்காரர் சிரிக்கிறார். போகலாமா, கேன்சல் பண்ணிடட்டுமா?
– பெயர் வேண்டாம், சார்லட், நார்த் கரோலினா

பதில்: கேன்சல் பண்ணாதீங்க, போயிட்டு வாங்க. ஆனா உங்க பயத்தை சிரிச்சுத் தள்ள என்னால முடியாது, ஏன்னா அந்தப் பையன் கதை நிஜம். 1969 ஜூன் 14, ஃபாதர்ஸ் டேக்கு முந்தின நாள், ஸ்பென்ஸ் ஃபீல்டுங்கற மலை உச்சி புல்வெளி. அப்பா, தாத்தா, அண்ணன்னு குடும்பமா கேம்பிங் போயிருக்காங்க. பெரியவங்க உக்காந்து பேசிட்டு இருக்கும்போது பசங்க எல்லாம் சேர்ந்து பின்னாடி வந்து திடுக்குனு பயமுறுத்தலாம்னு பிளான் போட்டாங்க, மத்த பசங்க ஒரு பக்கம் போக இவன் மட்டும் இன்னொரு பக்கம் புதருக்குள்ள போனான். ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் கூட இல்ல. சில நிமிஷத்துலயே ஆளக் காணோம்னு அப்பா தேட ஆரம்பிச்சுட்டார், இன்னி வரைக்கும் கிடைக்கல.

வீடியோவுல இதுவரைக்கும் சொல்லியிருப்பாங்க. அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அன்னிக்கு சாயங்காலமே பேய் மழை, ஓடையெல்லாம் பொங்கிடுச்சு, மண்ணுல இருந்த தடமும் வாசனையும் அதோட போச்சு, நாய் எதை மோப்பம் பிடிக்கும்? அடுத்தடுத்த நாள்ல தேடறதுக்கு ஆள் கூடிக்கிட்டே போய் ஒரு கட்டத்துல 1,400 பேர் வரைக்கும் ராணுவத்தோட காட்டுக்குள்ள இறங்கினாங்க, எல்லாரும் நல்ல மனசோட வந்தவங்கதான், ஆனா இருந்த கொஞ்ச நஞ்ச தடயத்தையும் அந்தக் கால்களே மிதிச்சு அழிச்சிருக்கும்னு பின்னாடி பேசினாங்க. அதுலேர்ந்து பாடம் படிச்சுதான் இப்பெல்லாம் கடைசியா பார்த்த இடத்தை முதல்ல காப்பாத்திட்டு, பயிற்சி எடுத்த சின்ன டீம்களை வெச்சு தேட ஆரம்பிக்கறாங்க. அந்தப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. அந்த இடத்துல பேயையும் காட்டு மனுஷனையும் கொண்டு வந்து நிரப்பறவங்க மேல எனக்கு கோவம்தான் வருது, அது ஒரு வீட்டோட துக்கம்.

அந்தக் காட்ட நேர்ல பார்த்தா உங்களுக்கே புரியும். 5 லட்சம் ஏக்கருக்கு மேல, அதுல ரோடோடென்ட்ரான் புதர் அடர்த்தியா பின்னிக் கிடக்கற சரிவுகள், உள்ள போனா பத்தடி தள்ளி இருக்கற ஆள் தெரியாது. கிடைக்கலன்னா அங்க இல்லன்னு அர்த்தம் கிடையாது, கண்ணுல படலன்னுதான் அர்த்தம். 2013 ஜூலைல மெய்ன் மாநிலத்துல அப்பலாச்சியன் ட்ரெயில்ங்கற நீளமான மலைப் பாதைல நடந்துட்டு இருந்த 66 வயசு அம்மா ஒருத்தங்க பாத்ரூம் போறதுக்காக பாதைய விட்டு இறங்கினாங்க, திரும்பி வர வழி தெரியல. வீட்டுக்காரருக்கு மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பியிருக்காங்க, சிக்னல் இல்லாம ஒண்ணும் போகல. டென்ட் போட்டுக்கிட்டு கிட்டத்தட்ட நாலு வாரம் உயிரோட இருந்திருக்காங்க, டைரி எழுதியிருக்காங்க. உடம்பு கிடைச்சது 2015 அக்டோபர்ல, ட்ரெயில்லேர்ந்து ரெண்டு மைலுக்குள்ள. இதுல மர்மம் எதுவும் இல்ல, ஆனா படிச்சதுலேர்ந்து என்னால மறக்க முடியல.

துணி விஷயம் கேட்டிருந்தீங்க. உடம்பு ரொம்ப குளிர்ந்து போய் கடைசி கட்டத்துக்கு வரும்போது, இறுகிக் கிடந்த ரத்தக் குழாய் சட்டுனு தளர்ந்து தோலுக்கு ரத்தம் பாயும், அப்போ அவங்களுக்கு உடம்பு எரியற மாதிரி தோணி துணிய கழட்டிப் போடுவாங்க. சில பேர் மரத்தடி, பாறை இடுக்குன்னு ஊர்ந்து போய் ஒடுங்கிப்பாங்க, அதனாலயும் தேடறவங்க கண்ணுக்கு தப்பிடும். டாக்டர்கள் இதை ரொம்ப வருஷமாவே பார்த்து எழுதியிருக்காங்க. இதுக்கு பனி கொட்டணும்னு கூட இல்ல, நனைஞ்ச துணியும் காத்தும் சேர்ந்தா சாதாரண குளிரே போதும். இது உங்களுக்கு நேரடியா தேவைப்படும், ஏன்னா கீழ கேட்லின்பர்க்ல டீ ஷர்ட்டோட கிளம்புவீங்க, மேல குவோஹி சிகரத்துக்கு (முன்னாடி கிளிங்மன்ஸ் டோம்னு பேர், 6,643 அடி) போனா பத்து இருபது டிகிரி ஃபாரன்ஹீட் கம்மியா இருக்கும், மதியத்துக்கு மேல மழை வரும். ஜீன்ஸும் காட்டன் புடவையும் நனைஞ்சா காயவே காயாது. மாமியாருக்கு ஒரு ஃப்ளீஸ், மேல ஒரு ரெயின்கோட், புடவைதான் கட்டுவேன்னா உள்ள தெர்மல் பேன்ட்டாவது போட்டு கூட்டிட்டுப் போங்க.

இப்போ எனக்கு உங்க லெட்டர்ல பயத்தைக் கொடுத்த வரி எதுன்னு சொல்றேன்: நாலு குடும்பமா. நம்ம ஆளுங்க க்ரூப்பா போனா எப்படி இருக்கும்னு தெரியும்ல, அப்பாங்க முன்னாடி பேசிக்கிட்டே போவாங்க, அம்மாங்க புளியோதரை பையோட நடுவுல, பசங்க எல்லாம் ஒண்ணா ஓடும், அவன் உங்க கூட இருக்கான்னு இவங்க நினைப்பாங்க, இவங்க கூட இருக்கான்னு நீங்க நினைப்பீங்க. மாமியார் முட்டி வலின்னு "நீங்க போயிட்டே இருங்கம்மா, நான் மெதுவா வர்றேன்"ம்பாங்க, எல்லாரும் சரின்னு போயிடுவாங்க. பாதை ரெண்டா பிரியற இடத்துல அவங்க தனியா நிப்பாங்க, இங்கிலீஷ் தெரியாது, போன்ல சிக்னல் இல்ல. அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் தயவுசெஞ்சு சரின்னு சொல்லிடாதீங்க. முன்னாடி போறவர் யாரு, கடைசில வர்றவர் யாருன்னு கார்லேர்ந்து இறங்கும்போதே முடிவு பண்ணிடுங்க, கடைசி ஆளுக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது, பாதை பிரியற ஒவ்வொரு இடத்துலயும் அத்தனை பேரும் வந்து சேர்ற வரைக்கும் நகரக் கூடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் பேர் சொல்லி ஒரு பெரியவர் பொறுப்பு, பாத்ரூம் போனாக்கூட இன்னொருத்தர் கையில ஒப்படைச்சுட்டுதான் போகணும். வீட்டுக்காரர் கிட்டயே இந்த வேலைய குடுங்க.

பசங்களுக்கு என்ன சொல்லணும்ங்கறதுக்கு அமெரிக்காவுல ஒரு நல்ல பாடத் திட்டமே இருக்கு, 1981ல கலிஃபோர்னியா பாலோமார் மலைல ஒரு 9 வயசுப் பையன் தொலைஞ்சு இறந்து போனதுக்கப்புறம், தேடப் போனவங்க ஆரம்பிச்சது. வழி தெரியலன்னா ஒரு மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அங்கயே இரு, அவ்வளவுதான் சாரம். 5 வயசுக்கு நல்லா புரியும். ஏன் நகரக் கூடாதுன்னு உங்க பொண்ணு கேட்பா, ஜெர்மனி மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிங்க 2009ல வெளியிட்ட ஆராய்ச்சிய சொல்லுங்க, மேகம் மூடி சூரியன் தெரியாத காட்டுல நேரா நடக்கச் சொன்னா ஜனங்க தனக்கே தெரியாம வட்டம் போட்டு நடந்த பாதையவே வெட்டிக்கிட்டு வந்தாங்க. ஆளுக்கொரு விசில் கழுத்துல, மூணு தடவ ஊதணும், கொஞ்சம் நிறுத்திட்டு திரும்ப மூணு. அடர்ந்த கலர்ல சட்டை வேணாம், ஆரஞ்சு, மஞ்சள் நல்லது. பையில ஒரு பெரிய குப்பைக் கவர், முகத்துக்கு ஓட்டை போட்டுக் குடுங்க, மழைக்கு அதுவே கோட்.

அப்புறம் இதை கண்டிப்பா சொல்லிக் குடுங்க: தேடி வர்றவங்க கத்தினா பதில் குடுக்கணும். 2005ல யூட்டா மலைல 11 வயசுப் பையன் ஒருத்தன் நாலு நாள் தொலைஞ்சிருந்தான், குதிரைல தேடி வந்தவங்களப் பார்த்து ஒளிஞ்சுக்கிட்டான், தெரியாதவங்க கிட்ட போகக் கூடாதுன்னு வீட்டுல சொல்லி வளர்த்ததுதான் காரணம். நல்லவேளை கிடைச்சுட்டான். அதனால உன் பேரச் சொல்லி கூப்பிடற பெரியவங்க காட்டுல வந்தா அவங்க நல்லவங்க, அப்பா அம்மா திட்ட மாட்டோம்னு ரெண்டையும் சேர்த்து சொல்லுங்க, திட்டு விழும்ங்கற பயத்துலயே வாய மூடிக்கற பசங்க உண்டு. அந்த வீடியோவ மட்டும் பசங்களுக்குக் காட்டாதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி கேபின்ல ஒரு சின்ன வேலை. துண்ட மடிச்சு கீழ போட்டு மேல அலுமினியம் ஃபாயில் வெச்சு, ஒவ்வொருத்தரும் போட்டிருக்கற ஷூவோட மிதிக்கட்டும், பேர் எழுதி கார்ல வைங்க. மாமியாரோட செருப்பும் சேர்த்துதான். தடம் பார்த்து தேடறவங்களுக்கு எந்த ஷூன்னு தெரியறது பெரிய விஷயம். பார்க்கிங்ல எல்லாரையும் முழுசா ஒரு போட்டோ எடுங்க, அன்னிக்கு என்ன கலர் சட்டைன்னு பதட்டத்துல யாருக்கும் ஞாபகம் வராது.

கரடி இருக்கு, 50 கஜம் தள்ளி நில்லுங்க, சாப்பாட்ட வெளிய விடாதீங்க, அது போதும். அதைவிட தண்ணிக்கு பயப்படுங்க. நேஷனல் பார்க்ல விபத்துல போற உயிர்ல கார் விபத்து, மூழ்கறது, உயரத்துலேர்ந்து விழறது இந்த மூணும்தான் முன்னாடி நிக்குது. அருவிப் பாறை மேல ஏறி போட்டோ வேண்டவே வேண்டாம்.

பார்க்குக்குள்ள முக்கால்வாசி இடத்துல சிக்னல் வராது, மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணுங்க. ஐபோன் 14 இல்ல அதுக்கு அப்புறம் வந்த மாடல் இருந்தா சேட்டிலைட் வழியா எமர்ஜென்சி மெசேஜ் போகும், வானம் தெரியற இடமா நின்னு பண்ணணும், வீட்டுலயே டெமோ பார்த்து வைங்க. டே ஹைக்குக்குப் போறவங்க திரும்பினாங்களான்னு ட்ரெயில் வாசல்ல யாரும் எண்ண மாட்டாங்க, அதனால சார்லட்ல ஒரு ஃப்ரெண்ட் கிட்ட எந்த ட்ரெயில், எத்தன மணிக்குள்ள மெசேஜ் வரலன்னா 911 கூப்பிடணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.

அப்படியும் ஒருத்தரக் காணோம்னா, எல்லாரும் ஆளுக்கொரு திசைல ஓடாதீங்க. கடைசியா பார்த்த இடத்துல ஒருத்தர் அசையாம நிக்கட்டும், மத்த பசங்கள ஒரே இடத்துல உக்கார வைங்க, பாதைல மட்டும் முன்னயும் பின்னயும் ரெண்டு ரெண்டு பேரா கொஞ்ச தூரம் கூப்பிட்டுக்கிட்டே போய்ப் பாருங்க, அதே சமயம் ரெண்டு பேர் சிக்னல் கிடைக்கற இடத்துக்கோ ரேஞ்சர் கிட்டயோ கிளம்பிடணும். இன்னும் அரை மணி பார்ப்போம்னு தள்ளிப் போடாதீங்க, இருட்டிட்டா எல்லாமே கஷ்டம். ஹெலிகாப்டர் வந்தா பில் எவ்வளவு வருமோன்னு நம்ம ஆளுங்க தயங்கறத கேட்டிருக்கேன், நேஷனல் பார்க் சர்வீஸ் தேடறதுக்கும் மீட்கறதுக்கும் பொதுவா காசு கேட்கறதில்ல, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி செலவுதான் தனி, அதுக்கு மாமியாருக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் இன்னும் எடுக்கலன்னா இந்த வாரமே எடுத்துடுங்க.