யார் பேசுகிறார்? பிங்க் புளொய்ட் பாடல்களின் உட்பொருள் பற்றி வாசகர் கேள்விகள்

பிங்க் புளொய்ட் என்ற ஆங்கில ரொக் இசைக்குழுவின் பாடல்களைப் பொருள் கொள்வது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டுமே இந்த இதழில் பதில் தரப்படுகிறது. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: 'கொம்ஃபர்டப்லி நம்' (சுகமாக மரத்துப்போய்) என்ற பாடல் போதைமருந்தின் சுகத்தைப் புகழ்வது என்று என் அறைத் தோழர்கள் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. ஒரு பாடலின் உட்பொருளை எங்கிருந்து தேடத் தொடங்குவது?
– பல்கலைக்கழக மாணவர், கொக்குவில்

பதில்: உட்பொருளிலிருந்து தொடங்காதீர்கள். பேசுபவர் யார், யாரை நோக்கிப் பேசுகிறார், எந்த நிலையில் நின்று பேசுகிறார் என்பவற்றிலிருந்து தொடங்குங்கள். சங்க அகப்பாடல்களைப் பள்ளியிலேயே படித்த நமக்கு இந்த வழி புதிதன்று. 'கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்' என்று தொடங்கும் குறுந்தொகைப் பாடலில், வயலோர மாமரத்திலிருந்து தானாக உதிர்ந்த கனியை நீரில் கிடக்கும் வாளைமீன் கவ்விக்கொள்கிறது. இது காதற்பரத்தையின் கூற்று என்று அறிந்த பிறகுதான், 'தலைவனை நான் வலிந்து பிடிக்கவில்லை, அவனாகவே வந்து விழுந்தான்' என்ற அவளுடைய வாதம் அந்த மீனுக்குள் ஒளிந்திருப்பது தெரியவரும். அதே வரிகளைத் தலைவியின் வாயில் வைத்துப் படித்தால் மீனே குற்றவாளியாகிவிடும்.

இப்போது உங்கள் பாடலுக்கு வருவோம். 1979 நவம்பரில் வெளியான 'த வோல்' (மதில்) இசைத்தொகுப்பு முழுவதும் ஒரே கதை. பிங்க் என்ற பாடகன் போரில் தந்தையை இழக்கிறான், தாயின் அளவுமீறிய காவலில் வளர்கிறான், பள்ளியில் அவமானப்படுகிறான், மணவாழ்வும் முறிந்துபோக, தன்னைச் சுற்றித் தானே ஒரு மதிலை எழுப்பிக்கொள்கிறான். நீங்கள் கேட்கும் பாடல் வரும் இடத்தில் அவன் விடுதி அறையொன்றில் அசைவற்றுக் கிடக்கிறான். மேடை ஏற வேண்டிய நேரம் நெருங்கிவிட்டதால், அவனை எழுப்பி நிறுத்துவதற்காக ஒரு வைத்தியர் அழைத்து வரப்படுகிறார். பாடலில் இரண்டு குரல்கள் உண்டு. குழுவின் பாடலாசிரியர் ரோஜர் வோட்டர்ஸ் பாடும் பகுதி வைத்தியருடையது. குழுவின் கிற்றார் கலைஞர் டேவிட் கில்மோர் பாடும் பகுதி பிங்கின் உள்ளத்தினுடையது. வைத்தியர், உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டு, எங்கே வலிக்கிறது என்று விசாரித்து, ஒரு சிறு ஊசியை ஏற்றி, இனி நிகழ்ச்சியை முடித்துவிடலாம் என்கிறார். பிங்கோ அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லவே இல்லை. தொடுவானில் தெரியும் கப்பற்புகையைப் பற்றியும், சிறுவயதுக் காய்ச்சலில் கைகள் பலூன்போல் வீங்கியதாக உணர்ந்ததைப் பற்றியும், கடைக்கண்ணில் ஒரு கணம் பட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் மறைந்துபோன ஏதோ ஒன்றைப் பற்றியும் அவன் தனக்குள் பேசிக்கொண்டிருக்கிறான். இசையும் இந்தப் பிரிவைக் காட்டுகிறது. வைத்தியரின் பகுதி இருண்ட மைனர் சுரவரிசையில் செல்ல, பிங்கின் பகுதி மேஜர் சுரவரிசைக்குத் திறக்கிறது. ஒருவரை ஒருவர் எட்டாத இரண்டு பேச்சுகள் ஒரே பாட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன.

இதற்குப் பின்னால் நடந்த நிகழ்வையும் வோட்டர்ஸ் சொல்லியிருக்கிறார். 1977இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், நிகழ்ச்சிக்கு முன் கடும் வயிற்றுவலியால் துடித்த அவருக்கு வைத்தியர் ஒருவர் ஊசி மருந்து ஏற்றினார். கைகளில் உணர்வு மங்கிய நிலையிலேயே அவர் மேடையில் நின்றார். உங்கள் தோழர்கள் ஊசியைக் கண்டுவிட்டார்கள். அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று கேட்கவில்லை. தான் சுகமாக இருப்பதாக அந்தப் பாத்திரம் சொல்வது, அவன் எவ்வளவு தூரம் போய்விட்டான் என்பதற்கான சாட்சியமேயன்றிப் புகழ்ச்சியாகாது. பாட்டின் முடிவில் வரும் நீண்ட கிற்றார் வாசிப்பே, அவனால் வைத்தியரிடம் சொல்ல முடியாமற்போனதைச் சொல்கிறது என்பது என் கருத்து. அதைக் கேட்காமல் வரிகளை மட்டும் கடதாசியில் எழுதிவைத்து ஆராய்பவர்களுக்குப் பாடலின் பாதி கிடைப்பதில்லை.

கேள்வி: சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் என் பேரன், கல்வி வேண்டாம் என்று பிள்ளைகள் கூட்டமாகப் பாடும் 'அனதர் பிறிக் இன் த வோல்' என்ற பாட்டை நாள் முழுவதும் முணுமுணுக்கிறான். முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்த எனக்கு இது மனவருத்தமாக இருக்கிறது. இதிலும் உட்பொருள் இருக்கிறதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மானிப்பாய்

பதில்: அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது, அந்தப் பாட்டைத் தனியே பிரித்துக் கேட்டால் வேறுவிதமாகத் தோன்றவும் முடியாது. ஆனால் அது, 'த வோல்' தொகுப்பில் மூன்று பகுதிகளாக வரும் ஒரு பாட்டின் இரண்டாவது பகுதி. முதற்பகுதியில் பள்ளிக்கூடமே இல்லை. கடல் கடந்துபோன தந்தை, ஒளிப்பட ஏட்டில் ஒரு படத்தைத் தவிர வேறெதையும் விட்டுச் செல்லவில்லை என்று ஒரு பிள்ளை சொல்கிறது. மதிலின் முதற்கல் அங்கேதான் வைக்கப்படுகிறது. வோட்டர்ஸின் தந்தை 1944 பெப்ரவரியில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் இறந்தபோது மகனுக்கு ஐந்து மாதம். அந்தத் தந்தையும் ஆசிரியர், தனியே நின்று அவரை வளர்த்த தாயும் ஆசிரியை என்பதை உங்கள் பேரனுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது பகுதிக்குச் சற்று முன் ஒரு குறும்பாட்டு வருகிறது. பிள்ளைகள் மறைத்துவைத்த பலவீனங்களைத் தேடிப்பிடித்து எள்ளி நகையாடும் சில ஆசிரியர்களைப் பற்றியது அது. இந்தத் தொகுப்பைக் கொண்டு 1982இல் அலன் பார்க்கர் இயக்கிய திரைப்படத்தில், சிறுவன் இரகசியமாக எழுதிய கவிதையை ஆசிரியர் பறித்து வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி வாசிக்கிறார். அதே குறும்பாட்டின் இறுதியில், அந்த ஆசிரியர்கள் வீடு திரும்பியதும் தம் மனைவியரிடம் வதைபடுகிறார்கள் என்றும் வருகிறது. கொடுமை மேலிருந்து கீழே கைமாறிக்கொண்டே வருகிறது என்பதே அங்கு சொல்லப்படுவது. இதை வெட்டிவிட்டுப் பிள்ளைகளின் கோஷத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் அது கல்விக்கு எதிரான பாட்டாகிறது. பேசுபவர்கள் அவமானப்பட்ட பிள்ளைகள்; அவர்களுடைய கோபத்தைப் பாடலாசிரியரின் கொள்கையாகக் கொள்ள வேண்டியதில்லை.

கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் இந்தப் பாட்டின் பொருளை மாற்றியிருக்கிறது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவில், தமக்குத் தரப்பட்ட தாழ்ந்த கல்விக்கு எதிராக வகுப்புகளைப் புறக்கணித்த கறுப்பின மாணவர்கள் இதைத் தம் போராட்டப் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். 1980இல் அந்த அரசு பாட்டைத் தடைசெய்தது. அந்த மாணவர்கள் கேட்டது நல்ல கல்வியை. ஓர் இங்கிலாந்துப் பள்ளியின் கசப்பிலிருந்து பிறந்த வரிகள், எழுதியவர் எண்ணியிராத ஓரிடத்தில் இன்னும் பெரிய உண்மையைத் தாங்கின. ரியூசன் வகுப்பிலிருந்து ரியூசன் வகுப்புக்கு ஓடும் நம்முடைய பிள்ளைகள் எதை நினைத்து இதைப் பாடுகிறார்கள் என்று பேரனிடமே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இந்தக் குழுவின் 1973ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒரு பழைய திரைப்படத்துடன் கணத்துக்குக் கணம் பொருந்துகிறதாமே? இசைத்தட்டைத் தலைகீழாகச் சுழற்றினால் இரகசியச் செய்தி கேட்குமாமே?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' தொகுப்பை 1939இல் வந்த 'த விசார்ட் ஒஃப் ஒஸ்' திரைப்படத்துக்கு எழுதப்பட்டதாகச் சொல்வதைக் குழுவினரும் ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்சும் மறுத்திருக்கிறார்கள். நீண்ட இசையையும் நீண்ட படத்தையும் சேர்த்து ஓடவிட்டால் சில இடங்கள் தற்செயலாகப் பொருந்தவே செய்யும்.

தலைகீழ்ச் செய்தி உண்மை. 'த வோல்' தொகுப்பின் 'எம்ப்டி ஸ்பேசஸ்' பாட்டில் அது இருக்கிறது. இரகசியச் செய்தியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று பாராட்டி, பதிலை மனநோய் விடுதியொன்றிலிருக்கும் 'முதிய பிங்க்'குக்கு அனுப்பச் சொல்கிறது, அவ்வளவுதான். அதைவிட, எல்லோருக்கும் கேட்கும்படி வெளியில் வைத்த ஒன்றைக் கவனியுங்கள். தொகுப்பின் கடைசி ஒலியில் பாதியில் அறுந்துபோகும் ஒரு வாக்கியத்தின் மீதி, தொகுப்பின் முதல் ஒலியில் இருக்கிறது. மதில் இடிந்து விழுந்த உடனேயே கதை மறுபடியும் தொடங்குகிறது. வோட்டர்ஸ் இந்தக் கதையிலிருந்து யாருக்கும் எளிதான விடுதலை தரவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கேள்வி: என் அண்ணா 2009க்குப் பிறகு வீடு திரும்பவில்லை. அவர் விட்டுச் சென்ற ஒலிநாடாக்களில் 'விஷ் யூ வேர் ஹியர்' என்ற பாட்டு இருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அது அண்ணாவைப் பற்றியது என்றே எனக்கு இருக்கும். அது குழுவிலிருந்து விலகிய ஒருவரைப் பற்றியது, நான் பிழையாக விளங்கிக்கொள்கிறேன் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். நான் கேட்பது பிழையா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: தங்கையே, உங்கள் தோழி சொல்லும் செய்தி சரியானது, அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியானதன்று.

இந்தக் குழுவைத் தொடக்கத்தில் வழிநடத்திய சிட் பரெட், மனநலம் குன்றி 1968இல் குழுவிலிருந்து பிரிந்தார். 1975 ஜூன் 5ஆம் திகதி, லண்டன் அபே ரோட் ஒலிப்பதிவுக்கூடத்தில் அவரையே நினைத்து எழுதிய 'ஷைன் ஒன் யூ கிரேசி டயமண்ட்' என்ற பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்து உடல் பருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். வந்திருப்பது சிட் என்பது பழைய நண்பர்களுக்கே சற்று நேரம் விளங்கவில்லை. நீங்கள் கேட்கும் பாட்டும் அதே தொகுப்பில் உள்ளது. சிட்டை நினைக்காமல் தம்மால் அதைப் பாட முடியாது என்று கில்மோர் சொல்லியிருக்கிறார். வரிகளை எழுதிய வோட்டர்ஸோ அதைத் தமக்குள் இருக்கும் இன்னொரு பாதியை நோக்கிப் பேசியதாகவும் விளக்கியிருக்கிறார். ஆக்கியவர் இருவருக்கே அந்த 'நீ' இரண்டு ஆட்களாக இருக்கிறது.

பாட்டுக்குள் எவருடைய பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி யொருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு விதி வகுத்திருக்கிறது. பெயர் சுட்டாத காரணத்தால்தான், யாரோ ஒருத்தியின் பிரிவுத்துயர் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் நம் வீட்டுக்குள் வந்து நம்முடையதாகிறது. அந்த வாசல் இந்தப் பாட்டிலும் திறந்தே இருக்கிறது.

பாட்டின் தொடக்கத்தை இன்னொரு முறை கேளுங்கள். வானொலியில் யாரோ நிலையங்களை மாற்றுகிறார்கள். இரைச்சலுக்கு நடுவே வேறு பேச்சுகளும் ஓர் இசைத்துணுக்கும் வந்து போகின்றன. பிறகு மெலிந்த, தொலைவான ஒலியில் ஒரு கிற்றார் வாசிக்கிறது. சற்றுப் பொறுத்து, மிக அருகில், நம் அறைக்குள்ளேயே இருப்பதுபோல் இன்னொரு கிற்றார் அதனுடன் சேர்கிறது. எங்கேயோ இருக்கும் ஒருவருடைய வாசிப்புக்கு, வீட்டில் தனியே இருக்கும் ஒருவர் கூட வாசிக்கிறார். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தவர்களுக்கு அந்த இரைச்சலை யாரும் விளக்கத் தேவையில்லை. அண்ணாவின் ஒலிநாடாவைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் நீங்கள், அந்த இரண்டாவது கிற்றாரின் இடத்தில்தான் இருக்கிறீர்கள். அந்த இடத்தைப் பாட்டே உங்களுக்கு அமைத்துத் தந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் உங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். போரில் கிடைத்த சிறிய வேடத்தைக் கொடுத்துவிட்டுக் கூண்டுக்குள் தலைமை வேடத்தை வாங்கிக்கொண்டாயா என்று கேட்கும் வரி, புகழுக்காகத் தன்னை விற்றுக்கொண்ட ஒருவரை நோக்கியது. போர் என்ற சொல் வருவதால் அதை உங்கள் அண்ணாவின்மேல் ஏற்றிப் பார்க்க மனம் தூண்டக்கூடும். அது அவருக்குப் பொருந்தாது. பொருத்த முயலவும் வேண்டாம். அந்த ஒரு வரி வோட்டர்ஸிடமே இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். நீ இங்கே இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் உங்களுடையது. அதை உங்களிடமிருந்து எடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் ஓரளவுதான் தெரியும். இந்தப் பாடல்களைப் பொருளறிந்து கேட்க எதிலிருந்து தொடங்கலாம்?
– உரும்பிராய் வாசகர்

பதில்: 1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். ஐந்தே உருப்படிகள், மொத்தம் ஏறத்தாழ 44 நிமிடங்கள். முதன்முறை வரிகளைப் பார்க்காமல் வரிசை மாறாமல் கேளுங்கள். குரல் மாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் அது யார் யாரிடம் சொல்வது என்று தமிழில் எழுதுங்கள். அகராதியை அதற்குப் பிறகு எடுத்தாற் போதும்.

'ஹாவ் அ சிகார்' என்ற மூன்றாவது பாட்டில் இந்தப் பயிற்சி உடனே பலன் தரும். அதைப் பாடுபவர் குழுவைச் சேராத ரோய் ஹார்ப்பர். பேசுபவரோ இசைக்கம்பனியின் முதலாளி. வாய் நிறையப் புகழ்ந்துகொண்டே, உங்களில் பிங்க் யார் என்று கேட்கிறார். குழுவில் அப்படி ஒருவரும் இல்லை. பிங்க் அண்டர்சன், ஃபுளொயிட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க புளூஸ் கலைஞர்களின் பெயர்களிலிருந்து சிட் பரெட் சேர்த்துவைத்த பெயர் அது. புகழ்பவருக்கு, தான் யாரைப் புகழ்கிறார் என்றே தெரியாது. இதைப் பிடித்துக்கொண்டால் அந்தப் பாட்டின் ஒவ்வொரு பாராட்டும் கசக்கத் தொடங்கும்.

'த வோல்' தொகுப்பை அதற்குப் பிறகு எடுங்கள். 26 பாடல்கள், 80 நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரே இருப்பில், இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டும்.