மீன் காட்சியகத்திற்குக் காரா, ரயிலா? ஆண்டு அட்டை லாபமா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், முழங்கால் வலியுள்ள என் தாயார் என ஐந்து பேர். மகளின் நெடுநாள் ஆசைக்காக ஒரு நாள் மீன் காட்சியகத்திற்குப் போய்வர நினைக்கிறோம். ரயிலுக்கும் பேருந்துக்கும் ஆகும் கட்டணத்தைவிடக் காருக்கான பெட்ரோல் செலவு குறைவாக இருக்கிறது. காரின் மாதத் தவணையையும் காப்பீட்டையும் சேர்த்துப் பார்த்தால் ரயில்தான் மலிவு என்கிறார் மனைவி. மேலும், ஒரு நாள் சீட்டுகளுக்கு ஆகும் தொகையைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் கொடுத்தால் ஆண்டு முழுவதும் வந்துபோகக் குடும்ப அட்டை தருகிறார்கள். கிரெடிட் கார்டு பாக்கியும் கொஞ்சம் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

பதில்: கேள்வியோடு நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளைப் பார்த்தேன். அதிலுள்ள தொகைகளை, ஒரு பெரியவரின் நுழைவுச்சீட்டு 10 பங்கு என்ற விகிதத்திற்கு மாற்றிக்கொண்டேன். மற்ற வாசகர்களும் தங்கள் தொகையைப் பொருத்திப் பார்க்க அது வசதியாக இருக்கும். பெட்ரோல் 5 பங்கு. ஐந்து பேரும் ரயிலிலும் பேருந்திலும் போய்வர 8 பங்கு.

கார் விஷயத்தில் உங்கள் இருவர் கணக்கிலும் பாதிதான் சரி. தவணையும் காப்பீடும் அன்று கார் வீட்டு வாசலிலேயே நின்றாலும் கட்ட வேண்டியவை. இந்தப் பயணத்தால் அவை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எனவே அவற்றைச் சேர்க்கக் கூடாது. அதே சமயம் பெட்ரோலோடு நிறுத்திவிடவும் கூடாது. நாள் முழுவதும் வண்டியை நிறுத்திவைக்கும் கட்டணம் உங்கள் தாளிலேயே இல்லை. டயர் தேய்மானம், ஆயில், சர்வீஸ் ஆகியவை ஓடும் தூரத்திற்கு ஏற்ப வரும் செலவுகள். நிறுத்தக் கட்டணத்திற்கு 3, தேய்மானத்திற்கு 2 என்று வைத்தால் கார் 10 பங்காகிறது. இந்த முடிவை எடுப்பதால் மட்டும் கையைவிட்டுப் போகும் பணம் எவ்வளவு என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஆண்டு அட்டைக்கும் இதே அளவுகோல்தான்.

ஆனால் 10க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. கடைசி இரண்டு கிலோமீட்டர் அதை எளிதில் விழுங்கிவிடும். ரயில் நிலையத்திலிருந்து காட்சியகம் வரை உங்கள் தாயாரால் நடக்க முடியாமல், போகவும் வரவும் வாடகை வண்டி பிடித்து அதற்கு 4 பங்கு கொடுத்தால், பொதுப் போக்குவரத்து 12 ஆகிக் கார் மலிவாகிவிடும். நிலையத்தில் மின்தூக்கி இயங்குகிறதா, அங்கிருந்து காட்சியக வாசல் வரை இணைப்புப் பேருந்து இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். நீங்கள் தனித்தனிச் சீட்டுகளைக் கூட்டியிருக்கிறீர்கள். குடும்பத்திற்கோ குழுவிற்கோ நாள் சீட்டு உண்டா, அது இணைப்புப் பேருந்திலும் செல்லுமா, நெரிசல் இல்லாத நேரத்தில் கட்டணம் குறையுமா, குழந்தைச் சலுகை வயதைப் பொறுத்ததா உயரத்தைப் பொறுத்ததா என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நான்கில் இரண்டு சாதகமாக அமைந்தால் ரயிலைத் தேர்ந்தெடுக்கத் தயங்க வேண்டாம்.

இனி ஆண்டு அட்டை. மூன்று பெரியவர்களுக்கு 30, மகளுக்கு 6, மகனுக்கு இலவசம் என நுழைவுக்கு 36. குடும்ப அட்டை 80. மூன்றாவது முறை போனால் அட்டை லாபம் என்று விளம்பரம் சொல்வது கூட்டல் அளவில் உண்மைதான். ஆனால் வாசலில் மட்டுமே நுழைவு இலவசம். ஒவ்வொரு முறையும் போக்குவரத்துக்கு 8, சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் 6 எனப் பதினான்கு பங்கு தனியாகப் போகும். ஒரு முறை போய்வர மொத்தம் 50 ஆகும். அட்டை வாங்கி மூன்று முறை போனால் 122 ஆகும். எப்படியும் மூன்று முறை போகப்போகும் குடும்பத்திற்கு இது 28 பங்கு சேமிப்பு. ஒரே முறை போக நினைத்திருந்த குடும்பத்திற்கு 72 பங்கு கூடுதல் செலவு. நானே ஒருமுறை வாங்கிய இப்படிப்பட்ட அட்டை, ஒரே ஒரு நாள் பயன்பட்டுவிட்டு, மேசை இழுப்பறையில் பழைய சாவிகளுக்கு நடுவே காலாவதியானது.

அட்டையை இவ்வளவு தாராளமாகக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பார்வையாளர் பத்துப் பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் தொட்டிகளின் பம்புகளும் வடிகட்டிகளும் இரவு பகலாக ஓடியாக வேண்டும். நீரின் வெப்பநிலை மாறக் கூடாது. மீன்களுக்குத் தீனி நிற்கக் கூடாது. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1853இல் பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சியகம் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே, உயிருள்ள நீரைப் பராமரிப்பதுதான் இந்தத் தொழிலின் பெருஞ்செலவு. கூடுதலாக ஒருவர் உள்ளே வருவதால் அவர்களுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம் என்பதால், கூட்டமில்லாத நாட்களில் விலையைக் குறைத்தாவது ஆட்களை வரவழைப்பது அவர்களுக்கு லாபம். பள்ளி விடுமுறைக்குள் வரும் வார நாள் ஒன்றில், முன்பதிவில், பிற்பகல் நேரத்திற்கு விலையைக் கேட்டுப் பாருங்கள். தீனி போடும் நேரத்தையும் விசாரித்து அதற்கேற்பப் புறப்பட்டால், அதே சீட்டில் நல்ல காட்சி ஒன்றும் கிடைக்கும்.

முன்பதிவில் ஓர் ஆபத்தும் உண்டு. குறித்த நேரத்தில் நுழைய வேண்டிய, பணம் திரும்பாத சீட்டை வாங்கிவிட்டு இணைப்பு ரயிலைத் தவறவிட்டால் 36 பங்கும் போய்விடும். ஒரே மாற்றம் என்றால் ஒரு ரயில் முன்னதாகவே புறப்படுங்கள்; அது காசில்லாத காப்பீடு. இரண்டு மாற்றங்கள் இருந்து, வண்டிகளும் அரிதாக வந்தால், நேரம் மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

வெளியேறும் வழி பெரும்பாலும் பொம்மைக் கடைக்குள் புகுந்துதான் போகும். மக்கள் பணத்தை மனத்திற்குள் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்துவைக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த ரிச்சர்ட் தேலர் 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த இயல்பையே பயன்படுத்திக்கொள்ளுங்கள்: காலையிலேயே மகளிடம் ஓர் உறையில் சிறு தொகையைக் கொடுத்து, அன்றைக்கு அவளுடைய பணம் அவ்வளவுதான் என்று சொல்லிவிடுங்கள். அப்பா பணத்தில் சுறா பொம்மை கேட்கும் குழந்தை, தன் பணம் என்றால் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கும்.

கிரெடிட் கார்டு பாக்கி இருக்கும்போது இந்தச் செலவை அதன்மேல் ஏற்ற வேண்டாம். மாதச் செலவிலிருந்து இரண்டு மாதங்களில் 50 பங்கை ஒதுக்கிவிட்டுப் போங்கள். பாக்கிக்குக் கட்டும் தொகையில் கை வைக்காதீர்கள்.

அட்டையை இப்போதே வாங்கத் தேவையில்லை. அன்று வாங்கிய சீட்டின் விலையை அன்றே எடுக்கும் ஆண்டு அட்டையில் கழித்துக்கொள்ளும் வழக்கம் சில காட்சியகங்களில் உண்டு. உள்ளே போகும்போதே கவுன்ட்டரில் கேட்டுவைத்து, திரும்பும் நேரத்தில் முடிவெடுங்கள். மறுபடியும் வரலாமா என்று மகளிடம் கேட்காதீர்கள், அவள் பதில் தெரிந்ததுதான். உங்கள் தாயாரிடம் கேளுங்கள்.